வடிகஞ்சி கேட்டவர்களின் பெயர்கள்

(கட்சிக் கல்வி வகுப்பில் தமிழ்பேசும் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வகுப்புப் பொறுப்பாளர் எனக்கு அளித்த தலைப்பு ‘வட்டார வரலாறும் பழைய புகைப்படங்களும்’ என்பதாகும். தலைப்பு மிக அகன்றது. அதனை ஒரே மாவட்டத்துக்குள்ளும் பதினைந்து மாதங்களுக்குள்ளும் சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதியைக் கோருகிறேன். மாவட்டம் வங்காளத்தின் மேதினிப்பூர். ஆங்கிலேயர் மிட்னாப்பூர் என்று எழுதியது. காலம் 1942 அக்டோபர் முதல் 1943 முடியும் வரை. இந்தியாவின் எந்த மாவட்டத்தையும் எடுத்துப் பேசலாம்தான். ஆனால் ஒரு துயரத்தை முதலாளித்துவப் பத்திரிகை எப்படிப் படம் பிடித்தது, அரசு எப்படி மறைத்தது, நமது இயக்கம் எப்படிப் பதிவு செய்தது என்னும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்பளிக்கும் வட்டாரங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

மேதினிப்பூரை ஆங்கிலேய நிர்வாகம் நம்பியதில்லை. 1931, 1932, 1933 என மூன்று ஆண்டுகளில் பெடி, டக்ளஸ், பர்ஜ் ஆகிய மூன்று மாவட்ட ஆட்சியர்கள் அங்கே அடுத்தடுத்துப் புரட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1942 ஆகஸ்டுக்குப் பின் தமலுக், காந்தி என்னும் இரு கடலோர உட்கோட்டங்களும் கொதித்தெழுந்தன. (காந்தி என்பது இங்கே ஊர்ப் பெயர், ஆங்கில ஆவணங்களில் கான்டாய் என்று வரும். மொழிபெயர்ப்போர் இடறி விழ வசதியான இடம் இது.) செப்டம்பர் 29 அன்று, எழுபது வயதைக் கடந்த மாதங்கினி ஹஜ்ரா தமலுக்கில் கொடியேந்தி நடக்கையில் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். பதினேழு நாட்கள் கழித்து, அக்டோபர் 16 அன்று, புயல் வந்தது. கடல் வயலேறியது. அரசு அமைத்த பஞ்ச விசாரணைக் குழுவின் கணக்கின்படியே ஏறத்தாழ 14,500 மக்களும் 1,90,000 கால்நடைகளும் மாண்டனர். மார்கழி அறுவடைக்கு நின்ற நெல் உப்பு நீரில் கருகியது. கிளர்ச்சி செய்த மாவட்டம் என்பதால் செய்தி உடனே வெளிவர விடப்படவில்லை. நிவாரணமும் வேண்டாவெறுப்பாகவே வந்தது. அந்த டிசம்பரில்தான் காங்கிரஸின் தலைமறைவுப் போராளிகள் தமலுக்கில் தங்கள் தேசிய அரசை நிறுவினர்.

புயலை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது இயற்கையின் சீற்றம் என்னும் கதையாகிவிடும். அரசுக்கும் அந்தக் கதைதான் வசதியாக இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கடல்வழி வந்தால் அவர்களுக்கு உணவும் ஊர்தியும் கிடைக்கக்கூடாது என்னும் பெயரில், கடலோர மாவட்டங்களின் உபரி நெல் அப்புறப்படுத்தப்பட்டது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றவல்ல படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. ‘மறுப்புக் கொள்கை’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆறும் கால்வாயும் பாதையாக இருக்கும் நிலத்தில் படகைப் பறிப்பது, மீனவருக்கும் குயவருக்கும் சிறு வியாபாரிக்கும் காலை வெட்டுவதற்கு ஒப்பானது. ஒரு மணங்கு அரிசி கல்கத்தாவில் 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய்க்கு விற்றது; 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. கூலி அவ்வாறு ஏறவில்லை. இலண்டனின் போர் அமைச்சரவை தானியக் கப்பல்களுக்கான கோரிக்கைகளை மீண்டும் மீண்டும் தட்டிக்கழித்தது.

இதில் நம் தமிழ் மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் பிணக்குவியலுக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ஆட்சி பஞ்சகாலச் சட்டத்தொகுப்புகளை உருவாக்கியது. பஞ்சம் என்று அரசு அறிவித்துவிட்டால் வேலை தரவேண்டும், உணவு தரவேண்டும் என்று அவை விதித்தன. நம் மூதாதையரின் சாவினால் எழுதப்பட்ட அந்தத் தொகுப்பு 1943இல் வங்காளத்தில் அலமாரியிலேயே இருந்தது. பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் கடமை வந்துவிடும் அல்லவா?

பஞ்சம் என்ற சொல்லையே அரசு தவிர்த்துக்கொண்டிருந்த நாளில் படங்கள் வந்தன. 1943 ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு நகரத் தெருக்களில் பட்டினியால் வீழ்ந்து கிடந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டது. ஆங்கிலேயர் உடைமையான ஏடு. ஆங்கிலேய ஆசிரியர், இயான் ஸ்டீபன்ஸ். அவரது துணிவைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. அந்தப் படங்கள் வந்தபின் தில்லியும் இலண்டனும் நடிக்க இயலவில்லை. எனினும் அப்படங்களில் உள்ளோர் யார்? ‘ஆதரவற்றோர்’ என்னும் ஒரே சொல்லில் அனைவரும் அடக்கப்பட்டனர். கல்கத்தாவின் நடைபாதையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவாசிகள் அல்லர். நகரின் ஆலைத் தொழிலாளருக்கும் அரசு ஊழியருக்கும் மலிவு விலைத் தானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. நெல் விளைவித்தவர்கள்தான் நெல்லில்லாமல் நகரத்துக்கு நடந்து வந்து இறந்தார்கள். படம் சாவின் இடத்தைக் காட்டியது. அவர்கள் புறப்பட்ட ஊரைக் காட்டவில்லை.

இந்தக் குறைபாடு ஸ்டேட்ஸ்மனுடன் தொடங்கியதன்று. தாது வருஷப் பஞ்சத்தின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலும்புக்கூடுகளாய் அமர்த்தப்பட்ட ஒரு குடும்பம், வரிசையாக நிறுத்தப்பட்ட சிறுவர்கள். இன்றும் நம் கட்சி ஏடுகள் உட்பட எல்லோரும் எடுத்து அச்சிடும் படங்கள் அவை. எடுத்தவர் வில்லவ்பி வாலஸ் ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி. பட்டினியில் உழன்றவர்களைக் கூட்டி, நிறுத்தி, படமெடுத்தார். உதவவில்லை என்று அந்நாளைய ஆங்கிலப் பத்திரிகைகளே அவரை எள்ளி நகையாடின. பிற்பாடு பர்மாவில் துப்பாக்கிப் படை முன் நின்ற கைதிகளின் கடைசிக் கணத்தைப் படமெடுக்க முயன்று கண்டனத்துக்கு உள்ளானவரும் இவரே. அந்தத் தமிழர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எந்த ஊர், எந்தச் சேரி, எந்தப் பண்ணையில் வேலை செய்தவர்? ‘மதராஸ் பஞ்சம்’ என்ற இரு சொற்களோடு அவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார்கள்.

மிருணாள் சென் இயக்கிய ‘அகாலேர் சந்தானே’ (1980) திரைப்படத்தைப் பார்த்த தோழர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். 1943 பஞ்சத்தைப் படமெடுக்க ஒரு கிராமத்துக்கு வரும் திரைப்படக் குழுவினர், ஓய்வு நேரத்தில் பட்டினிப் புகைப்படங்களைக் காட்டி, இது எந்த ஆண்டு என்று ஒருவரையொருவர் கேட்டு விளையாடுகிறார்கள். கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒட்டிய வயிறு எந்த ஆண்டிலும் ஒரே மாதிரிதான். புகைப்படம் பட்டினியை நிறுவும். பட்டினியை உண்டாக்கியவனை நிறுவாது. அதற்கு ஊரும் பேரும் வேண்டும், யாருக்கு யார் கடன்பட்டார் என்ற கணக்கு வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது சுருக்கமாக இதுவே.

இப்போது நம் இயக்கத்தின் பதிவுக்கு வருவோம். அன்றைய ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் தோழர் பி.சி.ஜோஷி. கலைஞர்களின் வேலை கட்சி வேலையே என்பதை அவரைப்போல் உணர்ந்த தலைவர் குறைவு. அஸ்ஸாமின் திப்ருகரில் 1918இல் பிறந்து, கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜானா என்னும் இளைஞரைப் படிப்பை விட்டு வரச் செய்து, கேமராவோடு பஞ்சம் பாதித்த கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். ஜானாவின் படங்கள் பம்பாயிலிருந்து வெளிவந்த கட்சி வார ஏடான ‘பீப்பிள்ஸ் வார்’ பக்கங்களில் வந்தன. ஜோஷியின் எழுத்தோடு அவை சேர்ந்து நாடெங்கும் நிவாரண நிதி திரட்டின. பசித்தவர் முன் கேமராவைத் தூக்குவது தன்னை எவ்வளவு வதைத்தது என்று ஜானா பின்னாளில் கூறியிருக்கிறார். ஹூப்பருக்கும் ஜானாவுக்கும் இடையே உள்ள தொலைவு அந்த வதையில் மட்டும் இல்லை. ஜானாவின் படம் அச்சேறிய பக்கத்தின் அடுத்த பத்தியிலேயே கஞ்சித்தொட்டி நடத்திய தோழர்களின் அறிக்கை இருந்தது. படமும் பணியும் ஒரே தாளில் இருந்தன.

அவரைவிட இன்றைய பேச்சுக்கு எனக்கு அதிகம் வேண்டியவர் ஓவியர் சித்தப்பிரசாத். 1915இல் நைஹாத்தியில் பிறந்தவர். பட்டாச்சாரியா என்னும் சாதிப்பெயரைத் துறந்தவர். ஓவியப் பள்ளியில் பயிலாதவர். 1943 நவம்பரில் கட்சியின் சார்பில் மேதினிப்பூர் மாவட்டத்தைச் சுற்றி வந்தார். கையில் குறிப்பேடும் கறுப்பு மையும். கண்டதை வரைந்தார், கேட்டதை எழுதினார். அவர் வரைந்த பல படங்களில், வரையப்பட்டவரின் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவருக்கு நேர்ந்தது உண்டு. நான் முதன்முதல் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது படங்களைவிடக் குறிப்புகளில்தான் நெடுநேரம் நின்றேன். மொழிபெயர்ப்பாளன் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருள்ள மனிதரிடம் இரக்கம் காட்டி நகர்ந்துவிட முடியாது. அவர் நிலம் எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி எழுந்துவிடுகிறது.

அந்தச் சுற்றுப்பயணம் ‘ஹங்ரி பெங்கால்’ என்னும் சிறுநூலாக அச்சாயிற்று. ஐயாயிரம் பிரதிகளையும் அரசு கைப்பற்றி எரித்தது. ஒரே ஒரு பிரதி ஓவியரின் குடும்பத்தாரிடம் தப்பி, வங்கிப் பெட்டகத்தில் காக்கப்பட்டு, அதை வைத்து 2011இல் மறுபதிப்பு வந்தது. ஆட்சியாளர்கள் புகைப்படத்தைச் சகித்துக்கொண்டு இந்தச் சிறுநூலை எரித்தது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

ஓர் இடைக்குறிப்பு. 1943இல் கட்சியின் நிலைப்பாடு மக்கள் யுத்தம் என்பதாகும். பாசிசத்துக்கு எதிரான போரை அது ஆதரித்தது, ஆகஸ்ட் இயக்கத்தில் பங்கேற்கவில்லை. சித்தப்பிரசாத் நடந்த தமலுக் கிராமங்களோ ஆகஸ்ட் இயக்கத்தின் கோட்டை. இதனை மறைத்துவிட்டு மேதினிப்பூரின் வரலாற்றை நாம் பேச இயலாது. அந்நாளைய கட்சி ஏடுகளில் பதுக்கல்காரன் சாடப்படும் அளவுக்கு, அதிகாரவர்க்கத்தின் மெத்தனம் சாடப்படும் அளவுக்கு, போர்ப்பொருளாதாரமே பஞ்சத்தின் தாய் என்னும் குரல் ஒலிக்கவில்லை. ஆகவே நம் சொந்த ஆவணத்தையும் நாம் கேள்வி கேட்டே படிக்கவேண்டும். படத்தின் கீழே உள்ள வாசகம் எழுதப்பட்ட நாளின் அரசியலையும் சுமந்திருக்கிறது. அதே நேரத்தில் ஒன்று. ஆகஸ்ட் போராளியும் நம் தோழரும் அந்தக் கிராமங்களில் கண்டது ஒரே பட்டினியைத்தான்.

இனி வாய்மொழிக்கு வருகிறேன். வாய்மொழி வரலாறு என்றவுடன் ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1943இல் கல்கத்தாவின் வீட்டு வாசல்களில் கேட்ட குரலை அக்காலத்தில் வாழ்ந்த எல்லோரும் ஒரேமாதிரி நினைவுகூர்கிறார்கள்: ‘ஃபேன் தாவ், மா.’ ஆங்கிலத்தில் இதனைக் கூழ் என்றும் மாவுநீர் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுத நமக்கு எந்த இடர்ப்பாடும் இல்லை: ‘வடிகஞ்சி கொடுங்கள், அம்மா.’ சோறு வடித்து, கழுநீர்த் தொட்டியில் மாட்டுக்கு ஊற்றும் நீர். சோறு கேட்டால் கதவு மூடப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மாட்டின் பங்கைக் கேட்டார்கள். எந்தப் புகைப்படத்திலும் இது இல்லை. கேமராவுக்குக் காது கிடையாது.

இன்னொன்று, ஆண்டு. மேதினிப்பூர்க் கிராமத்து முதியவரிடம் 1943 என்று சொன்னால் விழிப்பார். ‘பஞ்சாஷேர் மன்வந்தர்’ என்று சொன்னால் பேசத் தொடங்குவார். வங்க ஆண்டு 1350இன் பஞ்சம் என்பது பொருள். 1770ஆம் ஆண்டின் பெரும் பஞ்சமும் அவர்களுக்கு 1176இன் பஞ்சம்தான். நம் பாட்டிமார் 1876 என்று சொன்னார்களா? தாது வருஷம் என்றார்கள். அரசின் ஆவணக்காப்பகம் ஒரு நாட்காட்டியில் தூங்குகிறது. மக்களின் நினைவு வேறொரு நாட்காட்டியில் விழித்திருக்கிறது. வட்டார வரலாறு எழுதப் புகுபவர் முதலில் இவ்விரண்டையும் இணைக்கும் அட்டவணையைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். புயலடித்த ஆண்டு, கொடியேற்றத்தில் துப்பாக்கி சுட்ட ஆண்டு, மூத்தவள் பிறந்த ஆண்டு என்று கேட்டால் தேதி தானாக வந்துவிடும்.

மொழிபெயர்ப்புப் பிரிவில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய வங்கத் தோழர் ஒருவரின் குடும்பம் காந்தி உட்கோட்டத்தைச் சேர்ந்தது. அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. பட்டினிப் படமன்று. போருக்குச் சற்று முன் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட குடும்பப் படம். பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூண், நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் முக்காடிட்ட பாட்டி, சுற்றி ஐந்து பிள்ளைகள். பார்ப்பவருக்கு அது ஓரளவு வசதியான ஒரு விவசாயக் குடும்பம், அவ்வளவே. ஆனால் அவருடைய தாயார், அந்தப் படத்தில் தரையில் அமர்ந்திருக்கும் சிறுமி, உயிரோடிருந்தவரை அதை ஒரு கணக்குப் புத்தகம்போல் வாசிப்பாராம். பாட்டியின் மூக்குத்தி, புயலுக்குப் பின் முதல் மாதம் போனது. கை வளையல், தை மாதம். படத்தில் இல்லாத வெண்கலத் தாம்பாளமும் குடமும் அதற்கு முன்பே. பிறகு வீட்டுக் கூரையின் தகரம். பிறகு எஞ்சிய ஒற்றை மாடு. கடைசியாக நிலம், அதுவும் துண்டு துண்டாக, ஒரே ஊரின் ஒரே ஜோத்தாரிடம். தாத்தாவின் வலப்புறம் நிற்கும் இரு பையன்களும் பாட்டியும் 1350ஐத் தாண்டவில்லை. இவ்வளவையும் அவர் விரல் வைத்துச் சொல்வாராம், அழாமல்.

தோழர்களே, பஞ்சத்தைப் பற்றிய பொருளாதார ஆய்வுகளை நான் ஓரளவு மொழிபெயர்த்திருக்கிறேன். குடும்பங்கள் எந்த வரிசையில் எதை விற்கும், எது மீளக்கூடிய இழப்பு, எது மீளாத இழப்பு என்பவை பற்றி அவற்றில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மூக்குத்தி முதலில், நிலம் கடைசியில் என்ற அந்தத் தாயாரின் வரிசை அதேதான். ஸ்டுடியோவில் மலர்ந்த முகத்தோடு எடுத்த படம், பட்டினிப் படத்தைவிடப் பஞ்சத்தின் காரணத்துக்கு அருகில் நம்மைக் கொண்டு சேர்க்கிறது; ஏனெனில் விற்கப்படுமுன் இருந்த பொருள்கள் அதில் இருக்கின்றன, வாங்கியவனின் பெயரைச் சொல்ல ஒருவர் இருந்தார்.

அந்த ஒரு குடும்பத்தின் கதை தனிக்கதையன்று. மகலனோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பஞ்சத்துக்குப் பின் நடத்திய கணக்கெடுப்பின்படி, நெல்வயல் வைத்திருந்த வங்கக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, பஞ்ச காலத்தில் வயலை முழுமையாகவோ பகுதியாகவோ விற்றது அல்லது அடகு வைத்தது. சுமார் 2,60,000 குடும்பங்கள் வயல் முழுவதையும் இழந்தன. பலர் தாம் விற்ற நிலத்திலேயே வாரத்துக்கு உழுதனர். மூன்றே ஆண்டுகளில், 1946 இறுதியில், அறுவடையில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவனுக்கே என்று தேபாகா போராட்டம் எழுந்தது. மேதினிப்பூரும் அதன் களங்களில் ஒன்று. ரங்பூரின் தேபாகா கிராமங்களுக்குச் சென்று, வரைந்தும் எழுதியும் நாட்குறிப்பு வைத்தார் சிட்டகாங்கில் பிறந்த நம் ஓவியத் தோழர் சோம்நாத் ஹோர். பஞ்சத்தின் படங்களையும் தேபாகாவின் படங்களையும் தனித்தனி உறைகளில் வைப்பது நூலகருக்கு வசதி. உழுதவருக்கு அவை ஒரே வாழ்க்கையின் இரு பக்கங்கள். முதல் உறையில் கையேந்தி நின்றவர் இரண்டாவதில் அரிவாளோடு தம் களத்துக்கு நெல்லைத் தூக்கிச் செல்கிறார்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பசியால் மகளை விற்ற வீடுகள் உண்டு; கணவனால் கைவிடப்பட்டு நகரத்தின் விபச்சார விடுதிகளில் முடிந்தவர்கள் உண்டு. இது எந்தக் குடும்பப் படத்தின் முன்னும் எவரும் சொல்லாத கதை. மகளிர் தற்காப்புச் சங்கத்தின் தோழியர் கஞ்சித்தொட்டிகள் நடத்தியும், கைவிடப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் அமைத்தும் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான மணிகுந்தலா சென் தம் நினைவு நூலில் அக்காலத்தைப் பதிந்திருக்கிறார். நேரில் பேசப் போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதியவள் ஒருவர் ஏதேனும் ஒரு பெயரருகே வந்து நின்றுவிட்டால், அங்கே நீங்களும் நின்றுவிடுங்கள். மௌனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள். நமக்கு வரலாறு வேண்டும் என்பதற்காக அவர் மறுபடி ஒருமுறை இழக்கவேண்டியதில்லை.

வசதியானவர்களின் நினைவையும் ஒதுக்கவேண்டாம் என்பேன். அமர்த்தியா சென் அப்போது சாந்திநிகேதனில் பத்து வயதை எட்டும் சிறுவர். வாசலில் வந்து கேட்பவருக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று பாட்டனார் அனுமதித்ததை அவர் எழுதியிருக்கிறார். தமக்கு நன்கு தெரிந்த குடும்பங்களில் எவரும் பட்டினி கிடக்கவில்லை என்பதும் அச்சிறுவரின் மனத்தில் தங்கிய செய்தி. ஒரு சிகரெட் டப்பா எவ்வளவு கொள்ளும் என்று நீங்கள் வீட்டில் அளந்து பாருங்கள். வர்க்கம் என்பதை விளக்க நான் வகுப்பெடுத்த காலத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எவ்வளவு பேர் இறந்தார்கள்? அரசின் குழு 15 இலட்சம் என்றது. பின்னாளைய ஆய்வாளர் பலர் ஏறத்தாழ 30 இலட்சம் என்கிறார்கள். அந்தக் குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. குழு உறுப்பினர் மணிலால் நானாவதி தம் பிரதியை அழிக்கவில்லை. அது இன்று தில்லியில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. சித்தப்பிரசாத்தின் ஒற்றைப் பிரதியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிழைத்தது, அமைப்பு காத்ததால் அன்று; ஒரு தனிமனிதர் வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டதால். ஆயினும் முப்பது இலட்சம் பேருக்கு, நான் அறிந்தவரை, சொல்லத்தக்க நினைவிடம் ஒன்றுகூட இல்லை. அண்மை ஆண்டுகளில் சைலேன் சர்க்கார் என்னும் வங்க எழுத்தாளர் கிராமம் கிராமமாகச் சென்று, எஞ்சியிருப்போரின் சொற்களைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அந்த எண்ணிக்கை குறைகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.சி.ஜோஷி பெயரில் ஆவணக்காப்பகம் இருக்கிறது. ஆய்வாளர்கள் அங்கே போகட்டும். நான் கேட்பது மாவட்ட அலுவலகத்து இரும்புப் பெட்டியைப் பற்றி. எல்லா அலுவலகங்களிலும் அப்படி ஒன்று உண்டு. பழைய உறுப்பினர் பதிவேடு, கொடித்துணி, நன்கொடைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், அவற்றினடியில் ஒரு காகித உறையில் படங்கள். ஊர்வலம், வாயிற்கூட்டம், சிறையிலிருந்து வெளிவந்த தோழர்களுக்கு மாலை. எடுத்துப் பார்த்தால் பின்புறம் வெறுமை. எந்த ஆண்டு? எந்த ஆலை வாயில்? நாமே நம் தொழிலாளிகளை ஹூப்பரின் படத்தில் உள்ளவர்களைப்போல் அமர்த்தி வைத்திருக்கிறோம். ஐம்பது ஆண்டு கழித்து எவரேனும் அதை எடுத்து, இது எந்த வேலைநிறுத்தம் என்று விளையாட வேண்டியதுதான்.

செய்யவேண்டியவை எளியவை. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்புறம் ஊறிவிடும். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். ஸ்கேன் செய்வதானால் பின்புறத்தையும் செய்யுங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, யாரோ கிறுக்கிய கணக்கு எல்லாம் சான்றுகள். படத்தைக் காட்டிப் பேசும்போது ‘அப்போது எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். பெரிய கேள்விக்கு மேடைப்பேச்சுதான் பதிலாக வரும். இவர் கையில் இருப்பது என்ன, இந்தச் சட்டை யாருடையது, அன்று கூலி எவ்வளவு, மதியம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பளிக்க அவசரம் வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொரு கிளையும் மூன்று படங்களைக் கொண்டுவர வேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். கொண்டுவருமுன், அவற்றை உங்கள் பகுதியின் மூத்த தோழர் ஒருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். முன்வரிசையில் நாற்காலியில் இருக்கும் தலைவரின் பெயரை எழுதிக்கொண்டு வரவேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில், பாதி முகம் மறைந்து, கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் பெயர், அவர் ஊர், அவர் என்ன வேலை செய்தார் என்பவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்.